நாம்பனுக்குப் பொதிச்சேணம் கட்டுறது எப்பிடி? ஒருக்காக் கட்டி முதுகைப் புண்ணாக்கிப்போட்டன்

கச்சான்துண்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச மாடு வளர்க்கிற ஆக்கள் கனபேர் இருக்கிறியள் எண்டபடியால் கேக்கிறன். சிரிக்கிறவை சிரிச்சு முடிச்சிட்டுப் பதில் சொல்லுங்கோ.

எங்கட காணி ஒட்டுசுட்டானுக்கு அங்கால, முத்தையன்கட்டுப் பக்கம். வீட்டடியில இருந்து கச்சான், அதுதான் நிலக்கடலை, போட்ட துண்டுக்கு முக்கால் கட்டை வரும். கோடையில லான்ட்மாஸ்டர் உழவு மெசின் போகும். மாரி பிறந்தால் இடையில கிடக்கிற ஓடை பெருகும், இரண்டு பக்கமும் களி. போன வருசம் லான்ட்மாஸ்டர் அச்சுமட்டும் தாண்டுபோய் அதை வெளியில எடுக்க நாலு பேருக்கு ஒரு பகல் முழுக்கப் போச்சுது. கச்சான் பிடுங்கிறது தையில. பிடுங்கி ஆய்ஞ்சதை மழை ஈரத்தில கிடக்கவிட்டால் கோதுக்குள்ளேயே முளைச்சுப் போகும். தலையில காவ ஆள் பிடிச்சால் கூலி கச்சானைத் திண்டிடும்.

என்னட்ட ஒரு நாம்பன் நிக்குது. நலமடிச்சது, ஏழு வயசு, உள்ளூர்ச் சாதி, முந்தி வண்டிலில ஓடினது. வெள்ளைக்காலன் எண்டு பேர். சும்மாதானே நிக்குது எண்டு போட்டு, கார்த்திகைக் கடைசியில ஜிப்சம் கொண்டுபோக அதைப் பிடிச்சன். இரண்டு யூரியாப் பையை வாயோட வாய் வைச்சுத் தைச்சு, பக்கத்துக்கு இருபத்தைஞ்சு கிலோ போட்டு, கீழ பழைய போர்வை ஒண்டை நாலா மடிச்சு, முதுகில தூக்கிப் போட்டன். அவ்வளவுதான் என்ர சேணம்.

இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூண்டாம் நாள் பையை இறக்கினால், திமிலுக்குப் பின்னால நடு எலும்பு மேல பத்து ரூபாக் குத்தி அளவுக்கு மயிர் இல்லை, கசியுது. அடுத்தநாள் கையளவு வீங்கியிருந்தது. தொட விடுகுதில்லை. உண்ணாணை அண்டைக்குச் சோறு இறங்கேல்லை எனக்கு.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசு. வந்து பாத்திட்டு, "உன்ர பூட்டன் பதினொரு மாடு தவளம் வைச்சிருந்த மனிசன், நீ ஒரு மாட்டை வைச்சிருக்கத் தெரியாமல் நிக்கிறாய்" எண்டு சொன்னா. தவளமெண்டால் பொதி சுமக்கிற மாட்டுக் கூட்டம். அவவின்ர அப்பு, அதாவது அவவின்ர தாத்தா, என்ர பூட்டன், முல்லைத்தீவுக் கரையில கருவாடும் உப்பும் ஏத்தி, நெடுங்கேணியால காட்டுப் பாதையில பதவியா, மதவாச்சிப் பக்கம் போய், பாக்கும் குரக்கனும் கொண்டு வருவாராம். முன்மாட்டுக்கு மட்டும் மணி. அம்மா பிறக்கிற காலம் அந்தத் தொழில் முடிஞ்சுபோச்சு, சேணம் ஒண்டு மட்டும் மாலுக்குள்ள வளையில தொங்கினதாம். அதின்ர மெத்தையைக் கழட்டிக் கோழி அடை வைச்சவையாம்!

அம்மா ஈர்க்கால நிலத்தில கீறிக் காட்டினா. கவர்த்தடி இரண்டு கவிட்டு வைச்சது, கீழ பக்கத்துக்கொரு மெத்தை, நடுவில ஒண்டுமில்லை. "நடு எலும்பில காத்து ஓடவேணும்" எண்டு பூட்டன் சொல்லுவாராம். மிச்சம் அவவுக்கு ஞாபகமில்லை. சின்னப்பிள்ளையில கோழியைத்தானே பாத்திருப்பா.

என்ன மரம், மெத்தைக்குள்ள என்ன, வார் எங்க எங்க, எவ்வளவு பாரம் தாங்கும்? கச்சானுக்கு இன்னும் ஒண்டரை மாதம் கிடக்கு.

—

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

தம்பி, மரத்தை விடும். முதல் புண்ணைப் பாப்பம். நான் முப்பது வருசம் இந்த உத்தியோகம் பாத்து ஓய்வெடுத்தவன்.

வீக்கத்தை அமத்தாதையும், குத்தாதையும். இளஞ்சூட்டு உப்புத்தண்ணியால காலமையும் பின்னேரமும் கழுவும். இலையான் மொய்க்காமல் புண்ணைச் சுத்தி வேப்பெண்ணெய் பூசும், புண்ணுக்குள்ள ஊத்தவேண்டாம். வீக்கம் இளகிச் சீழ் வந்தாலோ புழு கண்டாலோ கைவைத்தியம் வேண்டாம், உடன மாட்டு வைத்தியரைக் கூப்பிடும். எலும்புக்கு மேல தசை இல்லாத இடம் அது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவில சீழ் பிடிச்சால் உள்ளுக்குள்ளால ஓடும்.

மயிர் திரும்ப முளைக்குமட்டும் முதுகில ஒரு துணியும் போடாதையும். முளைக்கேக்க வெள்ளையா முளைச்சால் பயப்பிடவேண்டாம், நசிஞ்ச தோலில அப்பிடித்தான் வரும். முந்தி வயசான பொதிமாடு வாங்கிறவை பல்லைப் பாக்க முதல் முதுகில வெள்ளைப் பொட்டு எங்கெங்க எண்டுதான் பாப்பினம். எந்த வீட்டுச் சேணம் பிழை எண்டு அதில தெரியும்.

பாரத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி நாடா பிடிச்சுச் சென்ரிமீற்றரில அளவும். தோள்முட்டில இருந்து குண்டி எலும்புமட்டும் நீளம் அளவும். சுத்தளவைச் சுத்தளவால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 10,840 ஆல பிரியும். கிலோவில உத்தேச நிறை வரும். அதில காற்பங்குக்கு மேல முதுகில ஏறக்கூடாது, சேணத்தின்ர நிறையும் சேர்த்து.

—

நானாட்டான்காரன் எழுதியது:

மன்னார்ப் பக்கம் வந்து பாருங்கோ, கழுதை றோட்டு நடுவில நிண்டு பஸ்ஸை மறிக்குது. அரபு வியாபாரிகள் கொண்டுவந்து விட்டதெண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுவினம். இப்ப கேப்பாரில்லை, குப்பையில மேயுது. என்ர ஐயா அதில தண்ணியும் விறகும் காவினவர். நானும் பத்து வயசில பின்னால தடியோட திரிஞ்சனான்.

கழுதைக்கு ஒரு கரைச்சல் இருக்கு. அதுக்குத் திமிலும் இல்லை, குதிரைக்கு மாதிரித் தோளில மேடும் இல்லை. முதுகு பலகை மாதிரி. பள்ளத்தில இறங்கினால் சேணம் கழுத்துக்கு ஓடிவரும். அதால வாலுக்குக் கீழால ஒரு வார் கட்டாயம் வேணும். ஐயா தும்புக் கயித்தை அப்பிடியே போட்டால் வாலடி வெட்டிப்போடும் எண்டு, பழஞ்சாரத்தைக் கிழிச்சு அதைச் சுத்தித்தான் போடுவார். உங்கட நாம்பனுக்கு அந்தக் கரைச்சல் குறைவு, திமில் மறிச்சுப் பிடிக்கும். ஆனால் திமிலில முட்ட விடாதையுங்கோ, நாலு விரல் விட்டுப் பின்னால வையுங்கோ.

கழுதையின்ர முதுகு நீளத்துக்கும் தோள் குறுக்கையும் கறுப்புக் கோடு ஓடிச் சிலுவை மாதிரி இருக்கும். யேசுவைச் சுமந்ததுக்குக் கிடைச்ச அடையாளம் எண்டு எங்கட அம்மம்மா குருத்தோலை ஞாயிறுக்கு ஞாயிறு சொல்லுவா. ஐயா அதுக்கு, "அந்தக் கோட்டில சேணம் படாமல் கட்டினால் சரி" எண்டுவார். உங்கட பூட்டன் சொன்னதும் அதுதானே.

—

இளந்தாரி95 எழுதியது:

அண்ணை ஒரு ட்ரோன் வாங்குங்கோ 😄

—

கரும்பலகை எழுதியது:

தம்பியின் தாயாரிடம் இன்னும் கேட்டு எழுதி வையுங்கள். சேணத்தைக் கழற்றிக் கோழி அடைவைத்த செய்தியைக்கூட விடாதீர்கள்.

பெரும்பாணாற்றுப்படையை நாற்பது ஆண்டு படிப்பித்திருக்கிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதிலே மிளகுப் பொதி சுமந்து போகும் கழுதைச் சாத்தை, அதாவது வணிகக் கூட்டத்தைக் காட்டுகிறார். பலாமரத்தின் அடியில் காய்த்துத் தொங்கும் பழங்களைப்போல இருபக்கமும் பொதி. 'புணர்ப்பொறை' என்கிறார், இரண்டு பக்கமும் ஒத்த சுமை. அந்தக் கழுதையின் முதுகை 'வடுவாழ் நோன்புறம்' என்கிறார். வடு குடியிருக்கிற, வலிமையான முதுகு. வகுப்பிலே இந்த இடத்தை நான் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். இன்று தம்பி எழுதியதையும் டொக்டர் வெள்ளை மயிர் பற்றி எழுதியதையும் வாசித்தபோதுதான், அந்தப் புலவர் கழுதைக்குக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார் என்று உறைத்தது.

பொதிமாட்டுக்கு இருபக்கமும் தொங்கும் இரட்டைப் பொதிக்குக் 'கண்டாளம்' என்று பழைய அகராதிகளில் ஒரு சொல் உண்டு. நாங்கள் தவளம் என்பதைச் சிங்களத்தில் தவலம என்பார்கள். கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்ற பிரிவு இருந்தது. முஸ்லிம்கள் பலர் அதில் வேலை செய்தார்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே போகும், பாக்கு கீழே வரும். உங்கள் பூட்டனார் ஏற்றிய அதே சரக்குகள். வண்டில் தெருக்கள் திறந்து, 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதையும் முழுமையடைந்த பிறகு தவளத்துக்கு என்ன வேலை?

—

கச்சான்துண்டு எழுதியது:

டொக்டர் ஐயா, அளந்தன். சுத்தளவு 140, நீளம் 115. மகள் போனில கணக்குப் பாத்தாள், 208 கிலோ வருகுது. காற்பங்கு 52. இதை அம்மாவுக்குச் சொன்னன். உடன, "அப்பு ஒரு அந்தருக்கு மேல ஏத்தமாட்டார், ஆர் காசு கூடத் தாறன் எண்டாலும்" எண்டா. ஒரு அந்தர் எண்டால் ஐம்பது கிலோவும் சொச்சமும். பூட்டனிட்ட நாடாவும் இல்லை, போனும் இல்லை. நான் ஏத்தினதும் ஐம்பதுதான். அப்ப பாரத்தில பிழையில்லை, வைச்ச இடத்திலதான் பிழை.

வீக்கம் வத்துது. சீழ் இல்லை. சேர், அம்மாவிட்டக் கேட்டு மகள் கொப்பியில எழுதுறாள், கோழியும் அதில இருக்கு.

—

ஜூராக்குளிர் எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் சுவிசில ஜூரா மாநிலத்தில இருக்கிறன், ஊர் கனகராயன்குளம். இஞ்ச பிரைபேர்கர் எண்டு கட்டையான குதிரைச் சாதி ஒண்டு, இந்த மலைதான் அதுக்குத் தாய்வீடு. சுவிஸ் ஆமியில இப்பவும் குதிரையில பொதி கொண்டுபோற பிரிவு இருக்கு. இவ்வளவு றோட்டும் சுரங்கமும் உள்ள நாட்டில! எனக்கு வேலையில்லாத சனிக்கிழமையளில பக்கத்துப் பண்ணைக்கு உதவிக்குப் போறனான். அந்தக் கிழவர் தன்ர கையால பொதிச்சேணம் செய்யிறவர். பாத்ததைச் சொல்லுறன்.

மரத்தைத் தொட முதல் முதுகைப் பிரதி எடுக்கவேணும். கரண்டுக்குப் போடுற மொத்த அலுமினியக் கம்பி ஒரு முழம் எடுங்கோ. மாடு நேரா நிக்கேக்க முதுகுக்குக் குறுக்க வைச்சு, இரண்டு பக்கமும் விலாவோட ஒட்ட அமத்தி வளையுங்கோ. வளைவு குலையாமல் தூக்கிக் காட்போட் மட்டையில வைச்சுக் கீறுங்கோ. திமிலுக்குப் பின்னால ஒண்டு, நடு முதுகில ஒண்டு, கடைசி விலாவடியில ஒண்டு. மூண்டையும் வெட்டிப் பக்கத்தில வைச்சால் விளங்கும்: முன்னுக்கு ஒடுக்கம், பின்னுக்குப் போகப் போக அகலம். அப்ப ஒரே அளவில இரண்டு கவர் தேடாதையுங்கோ. முன்கவர் ஒடுங்கினது, பின்கவர் விரிஞ்சது. இரண்டும் ஒரே விரிவெண்டால் ஏதோ ஒரு முனையில பலகை குத்தும்.

ஆணி அடிக்காதையுங்கோ. ஆணி இளகிக் கீழ வரும், அதுக்குப் பிறகு மாடு சேணத்தைக் கண்டாலே ஓடும். துளை போட்டுப் பச்சைத்தோல் வாரை ஊறவைச்சுக் கட்டுங்கோ. காயேக்க அது சுருங்கி இறுகும்.

செய்து முடிச்சாப்போல முதுகில மா தூவி, சேணத்தை ஒருக்கா வைச்சு அமத்தி எடுத்துப் பாக்கவேணும், எங்க படுகுது எங்க படேல்லை எண்டு தெரியும். கிழவர் கோதம்ப மாதான் பாவிக்கிறவர்.

—

மாட்டாஸ்பத்திரி எழுதியது:

ஜூராத் தம்பி சொன்னது சரி. நான் இரண்டு விசயம் சேர்க்கிறன். குதிரைக்குச் செய்யிறதை மாட்டுக்கு அப்பிடியே செய்யேலாது. மாட்டுக்கு இடப்பக்கம் பெரிய இரைப்பை. மேஞ்சிட்டு வந்தால் இடப்பக்கம் பொம்மும், அசைபோட்டுச் செரிக்க வத்தும். வயித்துக்கு நடுவால வார் இழுத்தால் ஒண்டில் மாட்டுக்கு மூச்சு முட்டும், ஒண்டில் சேணம் சரியும். முன்னங்காலுக்கு நாலு விரல் பின்னால, நெஞ்செலும்பில வரவேணும் வார். அது நாம்பன் எண்டதையும் மறக்காதையும், பின்னுக்குப் போனால் மூத்திரம் பெய்யிற இடத்தில உரஞ்சும்.

யூரியாப் பையை இனி முதுகுக்குக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். வழுக்கும், காத்தும் போகாது. சணல் சாக்குத்தான்.

—

கச்சான்துண்டு எழுதியது:

ஒண்டரை மாதமா நான் இந்தப் பக்கம் வரேல்லை எண்டு கோவிக்காதையுங்கோ. செய்தாச்சு. கச்சானும் வீட்டுக்கு வந்தாச்சு.

கவருக்குப் பூவரசு. வேலியில நிண்ட மரத்திலதான் கண்டன். ஜூராத் தம்பி சொன்ன மட்டையைக் கையில வைச்சுக்கொண்டு வேலி வேலியா அண்ணாந்து பாத்துத் திரிய, இவனுக்கு ஏதோ பிடிச்சிட்டுது எண்டு ஊரில கதை. முன்கவர் எங்கட வேலியில, பின்கவர் மச்சான் வீட்டு வேலியில. பக்கப் பலகை வேம்பு, முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட, வாச்சியால செதுக்கினது. இறைச்சிக் கடையில தோல் வாங்கி வார் வெட்டி ஊறவைச்சன். மணத்துக்கு மனிசி இரண்டு நாள் கதைக்கேல்லை.

மெத்தைக்கு முதல் வைக்கல் அடைஞ்சன். அம்மா கையால அமத்திப் பாத்திட்டு, "இது இரண்டு நாளில கட்டியாகும், பன் வெட்டிவா" எண்டா. பாய் இழைக்கிற அதே பன்தான். குளத்தோரத்தில வெட்டி, வாட்டி, நீளத்துக்கு அடுக்கிச் சணல் சாக்கால பொதிஞ்சு தைச்சம். பக்கத்துக்கு ஒண்டு, நடுவில என்ர மூண்டு விரல் போற இடைவெளி. தைக்கேக்கதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது, அப்புவின்ர மெத்தையிலயும் தையல் வெளிப்பக்கம் பாத்துத்தான் இருந்ததெண்டு. தையல் முடிச்சு உள்ளுக்க இருந்தால் தோலில குத்தும்தானே.

கோதம்ப மா விக்கிற விலையில அதை மாட்டுக்குத் தூவினால் மனிசி என்னையும் வெளியில கட்டும். அடுப்புச் சாம்பல் தூவினன். வெள்ளைக்காலன் திருநீறு பூசின மாதிரி நிண்டது. முதல் தரம் வைச்சு எடுக்க, மெத்தையின்ர மேல் விளிம்பில மட்டும் சாம்பல், கீழ ஒண்டுமில்லை. அப்ப பாரம் முழுக்க ஒரு விரல் அகலத்திலதான் இருந்திருக்கும். பலகையின்ர உள் மேல்விளிம்பைச் செதுக்கினன். திரும்ப வைச்சன். பின்மூலையில படேல்லை. பின்கவரின்ர துளையை ஒரு விரல் கீழ இறக்கிக் கட்டினன். நாலாம் தரம் மெத்தை முழுக்கச் சாம்பல்.

நெஞ்சு வாருக்கு, இரும்புக்கடையில கிடந்த பழைய வானின்ர சீட் பெல்ட். அதுமாதிரி ஒரு சாமான் இல்லை, அகலம், வெட்டாது. பின்னுக்கும் ஒரு வார், ஓடைக் கரையில இறங்கேக்க முன்னுக்கு ஓடாமல் தொடைக்குப் பின்னால சுத்தி. நானாட்டான் அண்ணை, மாடு கழுதையில்லை எண்டதை அண்டைக்குத்தான் விளங்கினன். முதல் நாளே வாரெல்லாம் சாணி. வாலை விட்டு ஒரு சாண் கீழ இறக்கினாப்போலதான் சரிவந்தது.

சேணம் ஒன்பது கிலோ. அதால பக்கத்துக்கு இருபத்தொண்டுக்கு மேல வைக்கேல்லை. தராசில போட்டு, குறைஞ்ச பக்கச் சாக்குக்குள்ள கல் போட்டன். முதல் நூறு யாரில நிப்பாட்டி வாரை ஒருக்கா இழுத்தன், இரண்டு விரல் இளகியிருந்தது, பன் அமந்ததாக்கும். மூண்டு நாளில பதினாலு நடை. ஒவ்வொரு நடைக்கும் இறக்கி, கையால முதுகைத் தடவிப் பாத்தன். ஒரு மயிர் அசையேல்லை. பழைய புண் இருந்த இடத்தில வெள்ளைப் பொட்டு. டொக்டர் சொன்னது மாதிரியே.

ஒரு குறை. ஓடைக்கு நடுவில வெள்ளைக்காலன் தண்ணி குடிக்க நிக்கும். குடிச்சு முடியுமட்டும் அசையாது. அந்த நேரம் சாக்கின்ர அடி நனையுது, இரண்டு சாக்குக் கச்சானைத் திரும்பக் காயப்போட்டன். சாக்கை உயர்த்திக் கட்டினால் பாரம் மேல போய் ஆடுது. என்ன செய்யலாம்?

—

நானாட்டான்காரன் எழுதியது:

உயர்த்தாதையுங்கோ, படுக்கப் போடுங்கோ. சாக்கை நட்டுக்குத் தொங்கவிடாமல் விலாவோட நீளப்பாட்டுக்கு வைச்சு, முன்கவரில ஒரு தடம், பின்கவரில ஒரு தடம். அடி ஒரு முழம் ஏறும், பாரம் ஏறாது. ஐயா தண்ணிக் குடத்தை நட்டுக்கும் விறகைப் படுக்கையாவும் கட்டினதுக்கு அதுதான் காரணம்.

பிறகு, ஓடைக்கு வர முதல் வீட்டடியில ஒரு வாளி தண்ணி காட்டிக் கூட்டிக்கொண்டு வாங்கோ.

—

கச்சான்துண்டு எழுதியது:

வாளி காட்டினன் அண்ணை. வாளியையும் குடிச்சிட்டு, ஓடையிலயும் நிக்குது.